வள்ளத்துக்குள் நல்ல தண்ணீர்

எங்கள் வள்ளத்தில் தண்ணீர் ஏறுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது என் இடது கால்தான். கார்த்திகை மாதம், விடிந்தும் விடியாத நேரம். புன்னக்காயலில் ஆற்றோரம் கட்டிக் கிடந்த வள்ளத்தில் ஏறி, கயிறு எடுப்பதற்காக அடிப்பலகையைத் தூக்கிவிட்டுக் காலை உள்ளே வைத்தேன். கணுக்கால் வரை ஜில்லென்று நனைந்தது. ராத்திரி பெய்த மழையாக இருக்கும் என்று இறைத்துக் கொட்டினேன். மழையே பெய்யாத ராத்திரிக்குப் பிறகும் அதே தண்ணீர் அதே இடத்தில் நின்றபோதுதான் மச்சானைக் கூப்பிட்டேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அந்த ஃபைபர் வள்ளத்தில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. கல்யாணம் ஆகாதவர். அவர், என் மாமியார், என் மனைவி, நான் என்று நாலு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் இந்த ஊர்க்காரன் இல்லை. பாளையங்கோட்டையில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவன். மாடியில் ஒழுகுகிற தொட்டிகளுக்கு ஒட்டுப் போடப் போவேன். ஒரு தடவை இங்கே ஒரு வள்ளத்துக்கு ஒட்டுப் போட வந்த இடத்தில் என் மனைவியைப் பார்த்தேன். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்கள், நாங்கள் புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் பேசிப் பேசிக் களைக்கவைத்துக் கல்யாணத்தை முடித்தோம். தொட்டியை விட்டுவிட்டுக் கடலுக்கு வந்தேன்.

கடலுக்குப் போன புதிதில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பேன். மச்சான் ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என் முதுகைத் தடவிக் கொடுப்பார். கரைக்கு வந்ததும் அதையே ஊர் பூராவும் நடித்துக் காட்டிச் சிரிப்பார். இரண்டையும் முழு மனதோடு செய்வார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். கோபமும் வரும்.

மச்சான் வந்து பலகையைத் தூக்கிப் பார்த்தார். "மாப்ள, இது மழை இல்ல. எங்கனயோ ஒழுகுது" என்றார்.

எங்கே ஒழுகுகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஊரில் ஆளுக்கொரு பதில் தயாராக இருந்தது. கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள், டீ குடிக்க வந்தவர்கள், சும்மா நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பின்பக்கம் எஞ்சின் மாட்டியிருக்கிற போல்ட்டு வழியாகத்தான் என்றார் ஒருவர். போல்ட்டைக் கழற்றிப் பசை வைத்து முடுக்கினோம். தண்ணீர் வடிய விடுகிற ஓட்டையின் மூடி தேய்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். புது மூடி போட்டோம். வள்ளத்துக்கு வயசாகிவிட்டது என்று ஒருவர் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன், மச்சான் என் தோளை அமுக்கிவிட்டார். யோசனை சொல்கிறவர்களில் ஒருத்தர்கூட ஒரு வாளித் தண்ணீர் இறைத்துக் கொடுக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருந்தது. வலை விடப் போனால் ஒருவர் வலையைப் பார்க்க, ஒருவர் வெட்டிய பிளாஸ்டிக் கேனை வைத்துக்கொண்டு இறைக்க வேண்டியிருந்தது. இருப்பதே இரண்டு பேர். இறைப்பவன் நான். இறைத்து நிமிர்ந்தால் இடுப்பு கழன்று விழும் போல இருக்கும்.

"கடலுக்கு மீன் பிடிக்கப் போறவனைப் பாத்திருக்கேன்" என்றார் மச்சான் ஒரு நாள். "தண்ணி இறைக்கப் போறவன் நாம ரெண்டு பேருதான் மாப்ள."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலமே கொல்லத்திலிருந்து போன் வந்தது. இளவட்டமாக இருந்த காலத்தில் மச்சான் அங்கே ஒரு முதலாளியின் விசைப்படகில் வேலை பார்த்திருக்கிறார். அந்த முதலாளிக்கு மச்சானின் கைமேல் அப்படி ஒரு நம்பிக்கை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுவார், மச்சானும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். இந்தத் தடவை தட்டிக்கழிக்கவில்லை. முற்றத்தில் நடந்துகொண்டே பேசியவர், "கிறிஸ்மஸ் முடியட்டும் முதலாளி. வள்ளம் சரியாவலைன்னா வந்துருதேன்" என்றார்.

மச்சான் போய்விட்டால் எனக்கு வள்ளம் இருந்து என்ன பிரயோஜனம்? எந்தக் காற்றுக்கு எங்கே வலை விடுவது, ஆற்றுவாயில் மணல்திட்டு இன்றைக்கு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் திரும்பவும் பாளையங்கோட்டைக்குப் போய் யார் வீட்டு மாடியிலாவது தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மனிதர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒழுக்கைக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

கடற்கரையில் இதற்கென்று ஒரு சோதனை உண்டு. வள்ளத்துக்குள் நிற்கிற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் கடல் தண்ணீர், அடியில் எங்கேயோ ஓட்டை. உப்பு இல்லாமல் நல்ல தண்ணீராக இருந்தால் ஐஸ் பெட்டியில் விரிசல், ஐஸ் உருகி ஒழுகுகிறது. படகு கட்டுகிறவர்களிலிருந்து மீன் வாங்க வருகிறவர்கள் வரை எல்லோரும் நம்புகிற சோதனை இது. மற்ற மாதங்களில் இதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை, கடலுக்குப் போவதற்கு முன்னால், அந்தச் சோதனையை நடத்தினோம். முந்தின நாள் மீன் படவில்லை. அதனால் வாங்கிய ஐஸில் பாதி பெட்டியிலேயே கிடந்தது. பலகையைத் தூக்கினேன். மச்சான் விரலை நனைக்கப் போனார்.

"இருங்க மச்சான், நான் பாக்கேன்" என்றேன். "நான் தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளந்தவன். தண்ணி ருசி என் நாக்குக்குத் தெரியாதா?"

நாக்கில் வைத்தேன். கொஞ்சம் மீன் நாற்றம், கொஞ்சம் எண்ணெய். உப்பு மட்டும் துளிகூட இல்லை. துப்பிவிட்டு, "நல்ல தண்ணி. ஐஸ் பெட்டிதான்" என்று தீர்ப்புச் சொன்னேன். மச்சானும் தொட்டு வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஐஸ் பெட்டி என்பது என்ன? ஃபைபரில் செய்த தொட்டி. அது என் ராஜ்ஜியம். பெட்டியை உள்பக்கம் சுரண்டி, காயவைத்து, மூலைக்கு மூலை ஃபைபர் துணி வைத்து, மேலே பசை பூசி, உரசி வழவழப்பாக்கினேன். பெட்டிக்குள் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு வேலை. மச்சான் குனிந்து பார்த்து, "இதுல ஐஸ் போட மனசு வருமா வே? நம்ம கோயில் பூசைப் பாத்திரத்தை வைக்கலாம் போல இருக்கு" என்றார். ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஒட்டு நன்றாக இறுகட்டும் என்று அன்றைக்கு ஐஸ் போடாமலே கடலுக்குப் போனோம். ஆற்றுவாயைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே பலகைக்குக் கீழே சளக் சளக் என்று சத்தம். நான் மச்சானைப் பார்க்கவில்லை. அவரே எழுந்து வந்து பலகையைத் தூக்கி, தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"மாப்ள, உப்பு. கரிக்கு."

"இருக்காது."

"நீரே பாரும் வே!"

பார்த்தேன். கரித்தது. கேனை எடுத்து இறைக்க ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் வந்து வள்ளத்தை ஆற்றோரம் கட்டிவிட்டு, தண்ணீரைச் சுத்தமாக இறைத்துத் துணியால் துடைத்தும் விட்டோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மறுபடியும் தண்ணீர். தொட்டு வைத்தால், நல்ல தண்ணீர்! பெட்டியில் ஒரு கட்டி ஐஸ்கூடக் கிடையாது.

கடலில் போனால் உப்புத் தண்ணீர், கரையில் கட்டினால் நல்ல தண்ணீர். மச்சான் தலையைச் சொறிந்தார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமியார் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பது அவருடைய கட்சி. வழவழப்பான ஐஸ் பெட்டியை ஊர் பூராவும் வந்து பார்த்தது ஞாபகம் வந்து நானும் அரை மனதாக அதை நம்பத் தொடங்கினேன்.

என் மனைவி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், கையை உதறிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, வள்ளம் எங்கன கட்டிக் கிடக்கு?"

"ஆத்துல."

"ஆத்துல இப்ப என்ன தண்ணி கிடக்கு?"

"ஆத்துத் தண்ணிதான்" என்றேன்.

"இத்தனை மாசமா ஆத்துத் தண்ணியில சோப்பு நுரைக்கவே நுரைக்காது. கடத்தண்ணி ஏறி உப்பாக் கிடந்துச்சு. மேல மழை பெஞ்சு வெள்ளம் வந்ததுல இருந்து கை வச்சா நுரைக்கு. பொம்பளைங்க எல்லாரும் அங்கனதான் துணி துவைக்கோம். ஆத்துவாய் வரைக்கும் நல்ல தண்ணி ஓடுது. கரையில கிடக்கையில ஆத்துத் தண்ணி ஏறுது, கடலுக்குப் போனா கடத்தண்ணி ஏறுது. இதுக்கு அந்த ஐஸ் பெட்டி என்ன செய்யும், பாவம்?"

அவள் விடுவதாக இல்லை.

"தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளந்தவன், தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளந்தவன்னு பீத்துவீங்கள்லா? அந்தத் தண்ணியையே நாக்குல வச்சுட்டு ஐஸ் தண்ணின்னு சொல்லியிருக்கீங்க!"

மச்சான் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் லேசில் நிற்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடைசியில் நானும் சிரித்துவிட்டேன். பாபநாசத்திலிருந்து கிளம்பி, பாளையங்கோட்டையையும் தாண்டி, புன்னக்காயலில்தான் கடலில் விழுகிறது தாமிரபரணி. எனக்குப் பின்னாலேயே வந்து என் வள்ளத்துக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிற தண்ணீரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் மச்சான், "அப்பம் அடியிலதான் ஓட்டை. எங்கனன்னு தேடுறதுக்குள்ள கிறிஸ்மஸ் வந்துரும்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அந்தக் காலத்தில் கொல்லத்துக்குக் கொண்டுபோன பெட்டி அது. என் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

வள்ளத்தைக் கரையில் ஏற்றி, பனங்கட்டைகளுக்கும் பழைய டயர்களுக்கும் மேலே தூக்கி வைத்தோம். தள்ள ஆள் வந்தார்கள். அந்த மட்டில் ஊர்க்காரர்களை நான் மன்னித்துவிட்டேன். அடிப்பக்கம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் மல்லாந்து படுத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தோம். கீறல்கள் இருந்தன, சிப்பி ஒட்டிய தழும்புகள் இருந்தன. இதுதான் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

தொட்டியாக இருந்தால் எனக்கு இந்தப் பாடே இல்லை. தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டு வெளியே சுற்றி வந்தால் ஈரம் தானாகத் தெரிந்துவிடும். மல்லாந்து படுத்திருந்த நிலையிலேயே எனக்குப் பொறி தட்டியது.

"மச்சான், வள்ளத்துக்குள்ள தண்ணி ஊத்திப் பாப்போமா?"

மச்சான் அடியிலிருந்து சட்டென்று எழுந்து தலையை இடித்துக்கொண்டார். "என்னது?"

"உள்ள ஊத்துவோம். ஓட்டை இருக்கிற இடத்துல வெளிய வரும்லா?"

இடித்த வலியோ என்னவோ, அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சொந்த வள்ளத்துக்குத் தண்ணி ஊத்தவா? உசுரோட இருக்கிறவனுக்கு எவனாவது வாய்க்கரிசி போடுவானா வே?"

இந்த ஊரில் வள்ளத்துக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இறைப்பார்கள். வெளியே இருக்கிற தண்ணீரை யாரும் உள்ளே ஊற்ற மாட்டார்கள். கழுவும்போதுகூட ஒரு வாளி ஊற்றினால் உடனே வழித்துக் கொட்டிவிடுவார்கள். தண்ணீர் தேங்க நிறைத்து வைப்பது வள்ளத்தை நாமே முக்கிக் கொல்வதற்குச் சமம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் என் மனதில் பரணிலிருந்து இறங்கிய பெட்டிதான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் பெரிய வாக்குவாதம் ஆனது. "கடல் ஊத்துறது போதாதுன்னு நீங்களும் ஊத்தப் போறீங்களா மருமவனே?" என்று மாமியார் கேட்டார். நான் தொட்டிக் கணக்கைச் சொன்னேன். மச்சான் தொட்டியும் வள்ளமும் ஒன்றா என்றார். தொட்டியில் தண்ணீர் வெளியே போகும், வள்ளத்தில் உள்ளே வரும், ஓட்டைக்கு இரண்டும் ஒன்றுதான் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தால் குரல் நான் சொல்கிறபடி கேட்பதில்லை.

இந்தத் தடவையும் என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். "அம்மா, முத தண்ணி தீர்த்தமா இருந்தா என்ன?" என்றாள்.

மாமியார் யோசித்தார். வள்ளம் முதன்முதலில் கடலில் இறங்கியபோது சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துத்தானே விட்டார்? தீர்த்தம் உள்ளே விழுவது ஆசீர்வாதம். அதன் பின்னால் விழுகிற தண்ணீரும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். மாமியாருக்கு இது சரியாகப் பட்டது. எங்கள் சபையில் தீர்த்தம் தெளிக்கிற வழக்கமே கிடையாது. ஆனாலும் நான், "ரொம்பச் சரி அத்தை" என்று பலமாகத் தலையாட்டினேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மறுநாள் மாமியாரே கரைக்கு வந்து, மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த சின்னப் பாட்டிலைத் திறந்து, வள்ளத்தின் முன்பக்கம் தெளித்தார். பிறகு இரவல் வாங்கிய சின்ன பம்பை ஆற்றில் போட்டு உள்ளே தண்ணீர் விட்டோம். பாரம் தாங்காது என்பதால் கொஞ்சம்தான் விட்டோம். மச்சான் பம்பின் பக்கம் போகவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். கரையில் கூடியவர்கள் இந்த ஒரு தடவை யோசனை சொல்லவில்லை.

வள்ளத்தின் அடிப்பக்கம் ஏற்கெனவே ஈரம். ஏற்றி வைத்தது முதல் தூறல் வேறு. எது பழைய ஈரம், எது புதுசு என்று தெரியவில்லை. அதற்குத்தான் நான் வீட்டிலிருந்து சொட்டு நீலத்தை எடுத்து வந்திருந்தேன். துணிக்குப் போடுகிற அதே நீலம். மனைவி கொஞ்சமாக ஊற்றச் சொல்லித்தான் கொடுத்தாள். கிறிஸ்மஸுக்குப் போட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி எல்லாம் துவைக்கக் கிடந்தன. நான் பாட்டிலை முழுக்கக் கவிழ்த்துவிட்டேன். கலக்கியதும் வள்ளத்துக்குள் நீலமாக ஒரு சின்னக் கடல்.

அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மச்சானும் வந்து பக்கத்தில் படுத்தார். கோபம் இருந்தாலும் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது.

பைய, மெல்ல மெல்ல, ஒரு நீலப் புள்ளி வந்தது. பின்பக்கம், முன்னாலிருந்து பின்னால்வரை அடியில் ஓடுகிற அடிக்கட்டையின் கீழே, மணலில் இழுக்கும்போது தேயாமல் இருக்க அடித்திருக்கிற இரும்புப் பட்டையின் கடைசி முனையில். புள்ளி பெரிசாகிச் சொட்டாகி, மச்சானின் மூக்கில் விழுந்தது.

"இந்தா! இந்தா!" என்று கத்தினார். மூக்கைத் துடைக்கக்கூட இல்லை.

நான் அவரைப் போல் துள்ளவில்லை. மொட்டை மாடிகளில் பட்ட அடி எனக்கு ஞாபகம் இருந்தது. தண்ணீர் வெளியே தெரிகிற இடமும் அது புறப்படுகிற இடமும் பெரும்பாலும் வேறு வேறு. நடுவில் ஒளிந்து ஒளிந்து எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும். "பட்டையைக் கழத்துவோம் மச்சான்" என்றேன்.

போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. ஒவ்வொன்றும் எங்கள் உயிரை எடுத்த பிறகே வந்தது. பட்டை முழுவதும் கழன்று விழுந்ததும் அடிக்கட்டையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். பின்பக்கம் ஒன்றுமே வரவில்லை. முன்பக்கம், யாரும் கை வைத்துக்கூடப் பார்க்காத இடத்தில், பட்டைக்கு மறைவாக இருந்த ஒரு போல்ட்டு ஓட்டையைச் சுற்றித் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். அதிலிருந்து நீலம் கசிந்துகொண்டிருந்தது. அங்கே புறப்பட்டு, பட்டைக்கு மேலேயே ஒளிந்து ஓடி, பின்னால் போய்ச் சொட்டியிருக்கிறது.

மச்சான் அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முன்போல் கத்தவில்லை.

"மாப்ள, இந்த ஒழுக்கு தொடங்குறதுக்கு முந்தி ஒரு நாள் ஆத்துவாயில மணல்ல ஒரு தட்டு தட்டிட்டேன். லேசாத்தான் தட்டுச்சு. நீரு வலைமேல படுத்து உறங்கிக்கிட்டு இருந்தீரு. எழுப்பலை."

"எழுப்பியிருந்தா மட்டும் நான் இறங்கி மணலைத் திட்டியிருப்பனா?"

"அதுக்கில்ல வே. நான் தட்டுனது நம்ம வள்ளத்தை இப்படிப் பண்ணிருச்சே."

அவர் முகத்தில் அப்படி ஒரு வாட்டத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் மூக்கு நுனி மட்டும் நீலமாக இருந்தது. எவ்வளவு அடக்கியும் முடியாமல் நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமலே அவரும் சிரித்தார். இரண்டு ஆம்பிளைகள் வள்ளத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்க்க மேலே நின்றவர்கள் எல்லோரும் குனிந்தார்கள்.

ஒட்டுப் போடுவது என் வேலை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். சுருக்கமாகவே சொல்கிறேன். நீலத் தண்ணீரை வடித்துவிட்டு, நல்ல ஃபைபர் வரும்வரை விரிசலைச் சுற்றி அகலமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு நன்றாகக் காய வேண்டும், ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் ஒட்டு பிடிக்காது. வானமோ மூடிக் கிடந்தது. தார்ப்பாய் கட்டி, பக்கத்து வீட்டிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, எங்கள் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வள்ளத்தின் அடிக்கு நேராகச் சுழல விட்டேன்.

"என்ன அண்ணாச்சி, வள்ளத்துக்கு வேர்க்குதோ?" என்று போகிற வருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அவை இங்கே எழுதத் தகுந்தவை இல்லை.

காய்ந்த பிறகு பசையில் ஊறிய ஃபைபர் துணியைச் சின்னது, பெரியது என்று மாற்றி மாற்றி ஒட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் தேய்த்து, உள்பக்கமும் ஒரு ஒட்டு வைத்து, உரசி முடித்தேன். புது போல்ட்டுகளைப் பசையோடு முடுக்கிப் பட்டையை மாட்டினோம். மச்சான் ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிவிட்டு விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

கிறிஸ்மஸ் வந்தது. சொட்டு நீலம் தீர்ந்துபோனதால் எங்கள் இரண்டு பேர் சட்டையும் பழுப்பாகவும், நகக்கண் எல்லாம் நீலமாகவும் மாதா கோயிலுக்குப் போனோம். மனைவி எங்களிடமிருந்து நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் மச்சானின் பெட்டி திண்ணென்று அறை மூலையில் இருந்தது. துணி எடுத்து வைத்திருந்தார். வள்ளம் சரியாகிவிட்டது என்பது என் கணக்கு. அவர் கணக்கு என்ன என்று தெரியவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து நான் கேட்கவில்லை. கேட்காததால் எரிச்சல் வந்தது. எரிச்சலில் மாமியார் கொடுத்த பலகாரத்தைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தின்றேன்.

பண்டிகை முடிந்ததும் வள்ளத்தை ஆற்றில் இறக்கி ஒரு ராத்திரி கட்டிப்போட்டோம். காலையில் மச்சான் பலகையைத் தூக்கினார். உள்ளே நான் உரசியபோது விழுந்த வெள்ளைத் தூள் விழுந்த இடத்திலேயே பொருபொரு என்று கிடந்தது. பலகையைப் போட்டுவிட்டு எஞ்சினை இழுத்தார்.

ஆற்றுவாயில் மணல்திட்டைச் சுற்றி, வழக்கத்தைவிடத் தள்ளியே வள்ளத்தைக் கொண்டுபோனார். வெளியே வந்து வேகம் கூட்டினோம். நான் அடிக்கொரு தரம் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். காய்ந்துதான் கிடந்தது. கையில் கேன் இல்லாமல் கடலில் என்ன செய்வது என்று எனக்கே மறந்துபோயிருந்தது. வலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோது மச்சானின் போன் அடித்தது. கரை பக்கம்தான், டவர் கிடைத்தது.

அவர் எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிட்டு எடுத்தார். "சொல்லுங்க முதலாளி" என்றார். வலையைப் பிரிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு காதை மட்டும் அங்கே வைத்தேன்.

"வள்ளமா? அதை ஏன் கேக்கீங்க முதலாளி. அப்படியேதான் கிடக்கு. பயங்கர ஒழுக்கு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வலது காலால் அடிப்பலகையை ஒதுக்கிவிட்டு, காய்ந்த தரையில் இரண்டு காலையும் நீட்டி வைத்துக்கொண்டு பேசினார்.

"இப்படிப் போட்டுட்டு எப்படி முதலாளி வர முடியும்? ஓட்டை எங்கன இருக்குன்னே தெரியல... எவ்வளவு நாளாவுமா? அதைச் சொல்ல முடியாது. ஒட்டுப் போடுறது எங்க மாப்ள. அவரு பாளையங்கோட்டைக்காரரு. பையதான் பாப்பாரு. என் ஆயுசு பூரா ஆவும் போல இருக்கு."

போனை மடக்கிச் சட்டைப் பையில் போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காற்றில் உப்புத் தண்ணீர் தெறித்த மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்குக் காற்றே இல்லை. அவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி எஞ்சின் பக்கம் திரும்பினார்.

"என்ன வே முழிச்சுக்கிட்டு இருக்கீரு?" என்று கத்தினார். "வலையை விடும்!"